எடை போடாத பருவம்

ஆராய்ச்சி நிலையத்தின் பின்கோடியில், விதைக் கிடங்குக்கும் டிராக்டர் கொட்டகைக்கும் நடுவில், தகரக் கூரை வேய்ந்த நீண்ட அறை ஒன்று இருக்கிறது. கதவின்மேல் ஒரு காலத்தில் அதன் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். வெயில் அதைத் தின்றுவிட்டது. எடையறை என்றால் எல்லோருக்கும் புரியும். அந்த அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக எடை போட்டுவந்த பெண்மணியைத் தராசம்மா என்று சொன்னால் வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை அத்தனை பேருக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது.

நிலையம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. மழை குறைந்த நிலங்களில் தாக்குப்பிடிக்கும் சோள விதையைத் தேடுவது அதன் வேலை. எழுபத்திரண்டு பாத்திகளில் பழைய விதையும் புதிய விதையும் மாறி மாறி மூன்று பருவம் விதைப்பார்கள். அறுவடையானதும் ஒவ்வொரு பாத்தியின் கதிரும் தனிச் சாக்கில் எடையறைக்கு வரும். சாக்கின் கழுத்தில் பாத்தி எண் எழுதிய அட்டைச் சீட்டு தொங்கும். கதிரை அடித்து, மணியைத் தூற்றி, ஐந்து நாள் வெயிலில் காயவைத்து, தட்டில் கொட்டி நிறுத்து, எடைத்தாளில் எழுத வேண்டும். தாளுக்கு ஒன்பது வரி. எழுபத்திரண்டு பாத்திக்கு எட்டுத் தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் எடை போட்டவரின் கையெழுத்து.

எடை போடும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. காற்று பட்டால் தட்டு ஆடும், எண் நிலைக்காது. தகரத்தின் கீழ் அடுப்பில் வைத்ததுபோல் இருக்கும். வந்தவர்கள் பழக்கத்தில் விசிறியைத் தட்டிவிடுவார்கள். "காத்து வாங்கணும்னா மரத்தடிக்குப் போங்க டாக்டர். இங்க சோளத்துக்குத்தான் எடை, உங்க காத்துக்கு இல்ல" என்பார் தராசம்மா, தலையை நிமிர்த்தாமலேயே. பெரிய படிப்புப் படித்தவர்களும் பேசாமல் வெளியே போவார்கள்.

அந்த டாக்டர்களில் ஒருவன் அவருடைய தம்பி. பத்து வயது இளையவன். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின், தினக்கூலியாகச் சேர்ந்த அக்காவோடு இதே அறைக்கு வந்து, சோள மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். அப்போது அங்கே இருந்தது முள் தராசு. பிறகு அவன் படித்து, பட்டம் வாங்கி, அதே நிலையத்துக்கு விஞ்ஞானியாக வந்தான். சோளத் திட்டத்துக்கே தலைவனானான். அலுவலகக் கட்டிடம் முன்பக்கம் இருந்தது. எடைத்தாள்கள் அங்கே அவன் மேசைக்குப் போகும். அவன் பின்பக்கம் வரத் தேவை ஏற்படவில்லை. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், ஊழியர் குடியிருப்பின் இரண்டறை வீட்டில் தராசம்மாவின் கணவர் தம் அண்ணனோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். கணவர் முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தொடை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சையானபின் ஊன்றுகோலோடு வீட்டிலிருக்கிறார். வேலை போனாலும் எல்லோரும் அவரை ஓட்டுநர் என்றே அழைத்தார்கள். அண்ணன் பதினோரு ஏக்கர் வானம் பார்த்த நிலத்தில் பயிர் செய்பவர், பெரியவர் என்போம். காலைப் பேருந்தில் இறங்கியவர், துவைத்து மடித்த ஆறு காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து வாசலில் அடுக்கியிருந்தார். நிலையம் புதிய சோள விதையை மறுநாள் பிற்பகல் முதல் விவசாயிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்திருந்தது.

"ஆறு சாக்கு எதுக்குண்ணே? விதை வாங்க வந்தியா, கிடங்கையே காலி பண்ண வந்தியா?" என்றார் ஓட்டுநர்.

"எனக்கு மூணு. பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு மூணு. முதல்ல யோசிச்சாங்க. எங்க தம்பி சம்சாரம் தன் கையால எடை போட்டுப் பாத்த விதைன்னேன். அதுக்கு மேல ஒருத்தன் வாயத் தொறக்கணுமே!"

"கேட்டுக்க," என்றார் ஓட்டுநர் மனைவியிடம். "உன் பேருக்கு அந்த ஊர்ல இருக்குற மரியாதை என் பேருக்கு இந்த வீட்டுல இல்ல."

தராசம்மா சிரித்துக்கொண்டே பருப்பு ஊற்றினார். "எவ்வளவு நிலத்துல போடப் போறீங்க அத்தான்?"

"எவ்வளவு என்னம்மா எவ்வளவு? மொத்தத்துலயும்தான். வீட்டுல இருந்த பழைய விதையை எல்லாம் போன வாரமே வந்த விலைக்குத் தள்ளிட்டேன். இடம் அடைச்சுக்கிட்டுக் கெடந்துது."

அப்போதுதான் தம்பி வந்தான். கையில் ஒரு கோப்பு. ஞாயிற்றுக்கிழமையிலும் இஸ்திரி குலையாத சட்டை. பெரியவர் எழுந்து, எச்சில் கையை மார்புக்கு நேரே தூக்கியபடி அவனுக்கு இடம் விட்டார். தம்மைவிட இருபது வயது இளையவனுக்கு அவர் அப்படி எழுந்தது தராசம்மாவுக்கு இனித்தது. சற்று நேரம்தான் இனித்தது.

"உக்காருங்க பெரியவரே. அக்கா, ஒரு நிமிஷம். நாளைக்குப் பதினோரு மணிக்குத் தலைமையகத்துலேர்ந்து ரெண்டு பேர் வராங்க. ஒண்ணுமில்ல, சும்மா சரிபார்ப்பு. எடைத்தாளைக் காட்டி, இது உன் கையெழுத்தான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னாப் போதும்."

"இத்தனை வருஷமா கேக்காதவங்க இப்ப எதுக்குக் கேக்கறாங்க?"

"எங்கேயோ ஒருத்தன் நம்ம கட்டுரையைப் படிச்சுட்டு, மூணாவது பருவத்துக் கணக்கு ரொம்ப அழகா இருக்கு, நம்ப முடியலைன்னு எழுதிப் போட்டிருக்கான். வயித்தெரிச்சல்."

"அழகா இருந்தா நம்பக் கூடாதா மாப்ளே?" என்றார் ஓட்டுநர். "அப்ப உங்கக்காவைக் கட்டின அன்னைக்கே எனக்கு விசாரணை வெச்சிருக்கணுமே!"

பெரியவருக்குச் சிரித்ததில் புரையேறியது. தராசம்மா கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, கோப்பைத் திறந்தார். எட்டுத் தாள்கள். அடியில் நீல மையில் தம் கையெழுத்து. மேலே கறுப்பு மையில், தம்பியின் சாய்ந்த எழுத்தில் எடைகள்.

முதல் வரி: 3,417 கிராம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அடுத்த வரி 2,905. அதற்கும் அடுத்தது 3,133.

இந்த இடத்தில் அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முள் தராசை அகற்றிவிட்டு, எண் ஒளிரும் மின்தராசு ஒன்றை வைத்தார்கள். பதினைந்து கிலோ வரை தாங்கும் அந்தத் தராசு இரண்டிரண்டு கிராமாகத்தான் தாவும். 3,412 காட்டும், இன்னும் கொஞ்சம் மணி விழுந்தால் 3,414 காட்டும். நடுவில் எதையும் காட்டாது. கடைசி இலக்கத்தில் ஒற்றைப்படை எண் அந்தத் தராசில் பிறக்கவே பிறக்காது. அதை எந்தச் சுற்றறிக்கையிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. தாள்களைப் பார்ப்பவர்கள் கூட்டிச் சராசரி எடுப்பார்கள்; கடைசி இலக்கத்தை யார் பார்ப்பார்கள்? தட்டின் முன்னால் நாள்தோறும் நிற்பவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி அது.

தராசம்மா எட்டுத் தாள்களையும் புரட்டினார். மனத்துக்குள் எண்ணினார். எழுபத்திரண்டு எடைகளில் நாற்பத்தொன்று ஒற்றை எண்ணில் முடிந்தன.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"பசிக்கல."

ஆனாலும் அவர் ஒரு தட்டை எடுத்து, சோறு போட்டு, தமக்கென்று வைத்திருந்த முட்டையை அதன்மேல் வைத்து அவன் முன்னால் நகர்த்தினார். இந்த வீட்டில் அவன் தட்டில் சோறு வைப்பதை இதுவரை அவர் யோசித்துச் செய்ததில்லை. அன்றைக்கு யோசித்தார். அதனாலேயே அவருக்குக் கை கூசியது.

*

மாலையில் ஓட்டுநர் நடைப்பயிற்சி செய்வது வழக்கம். குடியிருப்பின் சாலையில் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். பெரியவர் வீட்டில் கண்ணயர்ந்திருந்தார். வறண்ட காற்று அறுத்த சோளத்தட்டையின் தூசியை வாரிக்கொண்டுவந்து முகத்தில் அடித்தது. தராசம்மா கணவரின் பக்கத்தில் நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்களுக்குக் காலு ஒடஞ்சப்ப நாப்பது நாள் லீவுல இருந்தேன்ல? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, தம்பி எட்டு வெறுந்தாளை எடுத்துட்டு வந்தான். 'கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போக்கா, எடை நிக்கக் கூடாது, நான் ஆளை வெச்சுப் போட்டுக்கறேன்'னான். போட்டுக் குடுத்தேன்."

"வெறுந்தாள்லயா?"

"தம்பிதானே கேட்டான்."

ஊன்றுகோல் நான்கு முறை தட்டியது.

"திரும்பி வந்தப்ப எடையறைல ஒரே பூஞ்சை நாத்தம். கூரை ஒழுகி, மூலைல இருந்த சாக்கு எல்லாம் நனைஞ்சு கெடந்துது. சீட்டுல எழுதினது கரைஞ்சு போயி எல்லாம் வெறும் அட்டை. எந்தச் சாக்கு எந்தப் பாத்தின்னு கடவுளுக்குத்தான் தெரியும். 'மழைக்கு முன்னாடியே எடை போட்டாச்சு, கொட்டிடு'ன்னான். கொட்டிட்டேன்."

"அப்பவே சந்தேகம் வரலியா?"

"சாக்குக் கட்டு அவுக்கவே இல்லீங்க. நான் போடுற முடிச்சு அப்படியே இருந்துது. கதிர் கதிராவே கெடந்துது, அடிக்கவே இல்ல."

"கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

தராசம்மா முந்தானையால் முகத்தின் தூசியைத் துடைத்தார். "கேட்டா சொல்லிடுவானோன்னு பயமா இருந்துது."

தண்ணீர்த் தொட்டி வந்தது. இருவரும் திரும்பாமல் நின்றார்கள்.

"அந்த ஒத்தை எண் விஷயம் உனக்கு மட்டும்தான் தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப நாளைக்கு நீ வாயத் தொறக்கலைன்னா?"

"யாருக்கும் தெரியாது. விதை போகும்."

ஓட்டுநர் தொட்டிச் சுவரில் சாய்ந்து காலை நீவிக்கொண்டார். "பிரேக் சரியில்லைன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சாலே நான் வண்டியை எடுக்க மாட்டேன். பின்னாடி உக்காந்திருக்கறவன் வந்து சொல்லணும்னு காத்திருக்க மாட்டேன்." பிறகு சற்றுக் குரல் தாழ்ந்தது. "ஆனா நான் நிறுத்தின எந்த வண்டிக்கும் என் தம்பி முதலாளியா இருந்ததில்ல. எனக்குச் சொல்றது லேசு."

சிறுவர்களுக்குச் சொல்லத்தக்க கதை ஒன்று உண்டு. ஒரு காட்டில் மழையை அளக்கும் பொறுப்பு தவளையிடம் இருந்தது. அது ஒரு குழியில் உட்கார்ந்து, தண்ணீர் முழங்கால் வரை வந்தால் "முழங்கால்" என்றும், கழுத்து வரை வந்தால் "கழுத்து" என்றும் கத்தும். அதைக் கேட்டுத்தான் முயல்கள் வளை தோண்டும், பறவைகள் கூடு கட்டும். ஒருநாள் தவளை தூங்கிவிட்டது. விழித்தபோது மழை வந்து வடிந்திருந்தது. தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு "முழங்கால்" என்று கத்தியது. காடு நம்பியது. இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளைகள், தவளைக்குச் சிங்கராஜா என்ன தண்டனை கொடுத்தார் என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு தண்டனையும் இல்லை. அன்றிலிருந்து "முழங்கால்" என்று கத்தும்போதெல்லாம் அந்தத் தவளை ஒருமுறை குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டது. அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இது போதுவதில்லை. பெரியவர்கள்தாம் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

*

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தராசம்மா தம்பியை எடையறைக்கு வரச் சொன்னார். அவன் உள்ளே வந்ததும் கை தானாக விசிறியின் பொத்தானுக்குப் போனது.

"போடாதே" என்றார் அக்கா.

தட்டின்மேல் சோளம் நிரப்பிய தகரப் பாத்திரம் இருந்தது. தராசு 3,416 காட்டியது.

"தம்பி, இதை 3,417 ஆக்கு."

"என்னக்கா விளையாட்டு? எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு."

"எனக்காக ஆக்கு."

அவன் ஒரு சிட்டிகை சோளத்தை எடுத்துப் பாத்திரத்தில் போட்டான். எண் அசையவில்லை. இன்னும் சில மணிகள். அசையவில்லை. மறுபடி போட்டான். 3,418. ஒவ்வொரு மணியாகத் திருப்பி எடுத்தான். சட்டென்று 3,416. குனிந்து, மூச்சைப் பிடித்து, மணி மணியாகப் போட்டான். மணி மணியாக எடுத்தான். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. சிறு வயதில் மூட்டைமேல் உட்கார்ந்து, வராத கணக்கோடு மல்லுக்கட்டும்போதும் அவன் முகம் இப்படித்தான் இருக்கும். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

ஐந்து நிமிடம் கழித்து அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"இதுல ஒத்தை எண் வராதா?"

"வராது. பன்னெண்டு வருஷமா வந்ததில்ல."

வெளியே டிராக்டர் ஒன்று உறுமிவிட்டு அடங்கியது.

"எல்லாம் பூஜ்யத்துல முடிஞ்சா சந்தேகப்படுவாங்கன்னு," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி, "பாத்துப் பாத்து ஒத்தை எண்ணா போட்டேன்க்கா."

"இங்க ஒரு நாள் வந்து நின்னிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் சோள மூட்டைமேல் உட்கார்ந்தான். இஸ்திரிச் சட்டையில் தூசி படிந்தது, தட்டிவிடவில்லை. "மூணு பருவம் இல்லாம விதை வெளிய போகாதுக்கா. முதல் பருவம் நல்லா வந்துச்சு. ரெண்டாவது சுமார். மூணாவது மழைல போயிடுச்சு. போச்சுன்னு எழுதினா திட்டத்தையே மூடிருவாங்க. எனக்குக் கீழ பதினாலு பேர் இருக்காங்க. முதல் பருவத்து எடையை வெச்சு, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கொறைச்சு... விதை நல்ல விதைதான். என் மனசுக்குத் தெரியும்."

"மனசுக்குத் தெரியும்னா அப்புறம் எதுக்குடா எழுபத்திரண்டு பாத்தி? எதுக்குத் தராசு? எதுக்கு நான்?"

அவன் மிக மெல்லிய குரலில் கேட்டான்: "இந்தத் தராசு விஷயம் வேற யாருக்குக்கா தெரியும்?"

நேற்று மாலை கணவர் இதே கேள்வியைக் கேட்டபோது தராசம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது கேட்டவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. தட்டைத் துடைக்கும் துணியை எடுத்து, துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"எனக்கு மட்டும்தான் தெரியும். போ. பதினோரு மணிக்கு வா."

*

விசாரணைக்கு வந்த இருவரில் மூத்தவர் ஒரு பெண் அதிகாரி. நரைத்த தலை, எளிய பருத்தி உடை, தாமே சுமந்துவந்த தண்ணீர்ப் புட்டி. மற்றவர் குறிப்பெழுதும் இளைஞர். இயக்குநரின் குளிரூட்டிய அறையில் விசாரிக்கலாம் என்றதற்கு, எடை போட்ட இடத்தையே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் அதிகாரி. தம்பி கதவோரமாக நின்றான்.

"விசிறி போடலாமா அம்மா?"

"தராசு ஓடலைங்க. போடலாம்."

"வேண்டாம், இருக்கட்டும். நீங்க எப்பவும் இப்படித்தானே வேலை பாக்கறீங்க." அதிகாரி கோப்பைத் திறந்தார். "உங்க தம்பி திட்டத்துக்கு நீங்களே எடை போடறீங்க. அதைப் பத்தி அப்புறம் பேசலாம். இந்த எட்டுத் தாள்லயும் இருக்கறது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

இளைஞர் எழுதிக்கொண்டார். அதிகாரி தலையசைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அத்துடன் முடிந்திருக்கும். தராசம்மா தம்பியைப் பார்த்தார். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார். அவன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்து என்னுதுதாங்க," என்றார் தராசம்மா. "எடை நான் போடல."

அதிகாரியின் விரல் பக்கத்தின்மேல் நின்றது.

"வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை. ஒரு தடவைதான்னு சொல்றது சமாதானமில்லைங்க. திரும்பி வந்தப்ப சாக்கு அவிழ்க்காம கெடந்ததைப் பாத்தேன். பாத்தும் கேக்கல. ரெண்டு வருஷமா கேக்கல. அது என் தப்பு. அதை எழுதிக்கங்க."

"அப்ப எடை போட்டது யாரு?"

தம் பங்கைத் தராசம்மா சொல்லி முடித்துவிட்டார். மற்றவன் பங்கை அவன் இடத்தில் அப்படியே விட்டுவைத்தார். தகரக் கூரை வெயிலில் விரிந்து டப்பென்று ஒருமுறை சத்தமிட்டது. அதிகாரி கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார்.

"யாரும் போடல," என்றான் தம்பி.

நாட்காட்டியிலிருந்து திரும்பி மறுபடி சொன்னான்: "யாரும் எடை போடல மேடம். நான்தான் எழுதினேன்."

அதற்குப்பின் அதிகாரி நிறையக் கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். தராசின் சங்கதியையும் அவனே சொன்னான். அதிகாரி எழுந்துவந்து தாமே சில மணிகளைப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தார். எண் தாவியதைக் கண்டு அவர் வியக்கவும் இல்லை, யாரையும் ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் சற்று இலேசாக இருந்திருக்கும்.

"விதை கொடுக்கறதை இன்னிக்கே நிறுத்தச் சொல்றேன்," என்றார். "கட்டுரையையும் திரும்பப் பெறணும். ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை வரும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது." பிறகு ஒரு புதிய எடைத்தாளைத் தராசம்மாவிடம் நீட்டினார். "அந்தப் பருவத்துக்கு உண்மையா என்ன எழுதணுமோ, அதை உங்க கையால எழுதுங்க."

தராசம்மா ஒன்பது வரிகளுக்கும் குறுக்கே, ஒரே வாக்கியமாக எழுதினார்: இந்தப் பருவத்தில் எடை போடப்படவில்லை. முதலில் எழுதினார், படித்துப் பார்த்தார், அதன் பிறகே கையெழுத்திட்டார். தம்பி அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

*

அக்காவும் தம்பியும் வீட்டுக்கு நடந்துவந்தார்கள். நிலையத்தில் செய்தி அதற்குள் பரவியிருந்தது. வழியில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்கள். தினமும் "தராசம்மா, இன்னிக்கு என்ன எடை?" என்று கூவும் வாயிற்காவலர் தம் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது.

வீட்டு வாசலில் பெரியவர் ஆறு சாக்குகளையும் தோளில் போட்டுத் தயாராக நின்றார். "எங்கம்மா வரிசை நிக்குது? முன்வாசலா, கிடங்கா?"

"அத்தான், உள்ள வாங்க. சொல்றேன்."

"நான் சொல்றேன்க்கா" என்றான் தம்பி.

அவன் உட்காரவில்லை. நேற்று அவர் எழுந்து இடம்விட்ட அதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னான். மழை, கரைந்த சீட்டு, மூன்றாவது பருவம், கறுப்பு மை, எதையும் விடவில்லை. ஓட்டுநர் டீ போட்டு வைத்திருந்தார். நான்கு டம்ளரும் ஆடை படிந்து ஆறின.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "ஆக, விதை மட்டமான விதையா மாப்ளே?"

"தெரியாதுங்க."

"அப்ப நல்ல விதையா?"

"அதுவும் தெரியாது. ஒரு பருவம் நல்லா வந்துச்சு, ஒரு பருவம் சுமார். அவ்வளவுதான் தெரியும்."

பெரியவர் உட்கார்ந்து சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் முகத்தில் இருந்தது குழப்பம்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே மாப்ளே," என்றார். "எங்களுக்கு என்ன, தெரியாத விதையே பாத்ததில்லையா? தெரியாதுன்னா ஓரமா ஒரு துண்டுல மட்டும் போட்டுப் பாப்போம். வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். தெரியும்னு நீங்க சொன்னதாலதான் இருந்த விதையை எல்லாம் வித்தேன்."

தம்பி நாற்காலியின் முதுகை விட்டுவிட்டு உள்ளறைக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை. அவன் அழும் சத்தம் கேட்கவில்லை, குழாயைத் திறந்துவிட்டிருந்தான். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

"அத்தான்," என்றார் தராசம்மா. மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் "எங்க தம்பி சம்சாரம் எடை போட்ட விதை" என்று ஊருக்குச் சொல்லியிருந்த மனிதரிடம் எந்தச் சொல்லால் கேட்பது? அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் காலடியையே பார்த்தார். பித்தவெடிப்பில் அவர் நிலத்துச் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"விடும்மா. பழைய விதை யாருகிட்டயாவது கொஞ்சம் கெடைக்கும். வாங்கினவன்கிட்டயே போயி நிக்க வேண்டியதுதான். சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான்." பெரியவர் எழுந்தார். ஐந்து சாக்குகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆறாவதைப் பின்கதவருகே இருந்த ஆணியில் மாட்டினார்.

"இது எதுக்குண்ணே?"

"உள்ளபடியே மூணு பருவம் எடை போட்டு முடிச்சதும், நல்லதோ கெட்டதோ, வந்தபடி எனக்குச் சொல்லி விடுங்க. நல்லதா இருந்தா இதுல போட்டு அனுப்புங்க."

"மூணு வருஷத்துக்கு மேல ஆகும் அத்தான். நான் எடை போடுவேனான்னுகூடத் தெரியாது."

"யாரு போட்டா என்ன? போடணும்."

மதியப் பேருந்தைப் பிடிக்க அவர் போய்விட்டார்.

பிறகு நடந்தவை நடந்தன. தம்பிக்குத் திட்டமும் பதவியும் போயின. தராசம்மாவை ஓராண்டு வேலையிலிருந்து விலக்கிவைத்து, பிறகு விதை உலர்த்தும் களத்துக்கு மாற்றினார்கள். எடையறையில் இப்போது உறவில்லாத இருவர் சேர்ந்து எடை போட்டு, இருவரும் கையெழுத்திடுகிறார்கள். வெறுந்தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்து இன்னும் வெளுக்கவில்லை. எழுபத்திரண்டு பாத்திகளிலும் மறுபடி முதல் பருவம் விதைத்தார்கள். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், சாப்பிடுகிறான், தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டுப் போகிறான்.

சாக்கு அந்த ஆணியிலேயே தொங்குகிறது. வெங்காயம் கொட்டிவைக்க வீட்டில் பை இல்லாத நாள்களிலும் அதை யாரும் தொட்டதில்லை. பின்கதவுக்குப் போகிறவர்கள் அதை உரசாமல், சற்று ஒதுங்கிப் போகிறார்கள். தம் ஒடிந்த காலைக்கூடக் கேலி செய்யாமல் விடாத ஓட்டுநர், அந்தச் சாக்கைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.